வலது காலின் இசை ஞானம்

மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை பணிவோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் அம்மாவும் நலம், என் இடுப்பைத் தவிர. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும், இடுப்புகள் உட்பட, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் நிதானமாக உட்கார்ந்து, காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று முழுவதையும் படியுங்கள்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், நான் எட்டாம் வகுப்பு, நீங்கள் பதினொன்றாம் வகுப்பு. நம் வீட்டு முன்னறையில் பாட்டு வாத்தியார் எதிரே ஒருவர் மூன்றாவது தடவையாகச் சுருதியை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தபோது, "இதுக்குக் காதே கிடையாது சார்" என்று ஒரு குரல் கேட்டது. குரல் உங்களுடையது, கிடையாத காது என்னுடையது. 'இவளுக்கு' என்றுகூட இல்லை, 'இதுக்கு'. வாத்தியார் சிரித்துவிட்டார். அதோடு நான் பாட்டு வகுப்பை விட்டேன். நீங்கள் விடாமல் படித்து, இன்று இசைக் கல்லூரியில் தேர்வாளராக உட்கார்ந்து, ஊரார் பிள்ளைகளுக்குக் காது இருக்கிறதா இல்லையா என்று மதிப்பெண் போடுகிறீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயதில் கோபம் வந்தால் தலை சுற்றுகிறது. ஆனால் இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும், வாழ்நாள் முழுக்க அதிலேயே குடியிருந்துவிடலாம். நான் குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை. பத்துப் பேர் சேர்ந்து பாடும் இடத்தில் உதட்டை மட்டும் அசைப்பேன். உங்கள் மருமகளைக் குழந்தையில் தூங்க வைக்கத் தாலாட்டுக்குப் பதிலாகப் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னேன். அவள் இப்போது கணக்கில் மேற்படிப்புப் படிக்கிறாள். அதற்கும் நீங்கள்தான் காரணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் கேட்டால் "ஆஸ்பத்திரியில ஏதோ டைப்பிங்" என்றுதான் எல்லோரிடமும் சொல்வீர்கள், அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு நடந்ததை வாயால் பேசிப் பதிவு செய்வார்கள். நாங்கள் நாலு பேர், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் செய்வோம். கைகள் விசைப்பலகையில் இருப்பதால் பதிவை ஓட்டுவதும் நிறுத்துவதும் கால்தான். மேஜைக்கு அடியில் ஒரு பெடல் இருக்கும். அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். வாழ்க்கையில் மனிதர்கள் இப்படி அமைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. பத்தொன்பது வருடமாக என் வலது கால் அந்தப் பெடலில்தான் இருக்கிறது. அழுத்துவதும் எடுப்பதும் எனக்கே தெரியாது, கண் இமைப்பது மாதிரி. டாக்டர் யாருக்காவது ஒரு கெட்ட செய்தி சொல்லும் இடம் வந்தால், டைப் செய்ய வேண்டியது விரல்கள்தான் என்றாலும், கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி அழுத்துவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, வேலை மந்தம் என்று எழுதிவிடுவார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பழைய பெடலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். அதே வாரம் பக்கத்து சீட்டுக்காரி ஒரு பென் டிரைவில் கம்பளிப்பூச்சியின் பாடல்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். பயப்படாதீர்கள், கம்பளிப்பூச்சி என்பது மேடைப் பெயர். இருபத்தெட்டு வயதுப் பெண். வரியும் அவளே, மெட்டும் அவளே, கிட்டாரும் அவளே, வெயில் காலத்திலும் கம்பளித் தொப்பி. மதிய இடைவேளையில், சாப்பிட்ட கையோடு, டாக்டர்கள் பேச்சைக் கேட்கும் அதே மெஷினில் அதைச் செருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். வீட்டில் கேட்க முடியாது, அங்கே டிவிக்கும் உங்கள் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஓயாத விவாதம். அண்ணா, முதல் பாட்டிலேயே நான் விழுந்துவிட்டேன். 'சாவி யாரிடம்' என்ற பாட்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் ஒருத்தி, "பூட்டிவிட்டேனா என்று திரும்பிப் பார்க்கிறேன்" என்கிறாள். மெட்டு படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது. 'பார்க்கிறேன்' என்று வரும்போது ஆதார சுருதியில் வந்து உட்கார்ந்துவிடும் என்று நாம் காத்திருக்கிறோம். உட்காரவில்லை. அதற்கு ஒரு படி மேலேயே நின்றுவிடுகிறது, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவள் மாதிரி. அங்கே ஒரு மௌனம். பிறகு அதே வரியை இன்னொரு முறை பாடுகிறாள். அந்த இரண்டாவது முறையில்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. முதல் முறை அவள் கதவைப் பார்க்கிறாள், இரண்டாவது முறை விட்டுவிட்டுப் போகும் மனிதரைப் பார்க்கிறாள் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டிலும் அந்த மௌனமும் அந்தத் திரும்பப் பாடுதலும் இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒன்பது பாட்டில் மொத்தம் பதினோரு இடங்கள். 'மூன்றாம் மாடி'யில் ஆறு எண்ணிக்கைத் தாளத்தில் அரை எண்ணிக்கை தாமதமாக உள்ளே வந்து, மூச்சு வாங்குகிற மாதிரி, "லிஃப்ட் வேண்டாம், நடந்தே வருகிறேன்" என்று இரண்டு முறை. சில இடங்களில் திரும்பப் பாடும்போது சொல்லின் நடுவிலிருந்தே தொடங்கினாள், "...ரும்பிப் பார்க்கிறேன்" என்று. இதற்குச் 'சிதைந்த மீள்வரி' என்று நானே பெயர் வைத்தேன். இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். 'கம்பளிப்பூச்சியின் பாடல்களில் மௌனமும் மீள்வரியும்' என்று தலைப்பிட்டு, இங்கே உள்ள இசை ரசிகர் வட்டத்தின் பத்திரிகைக்கு அனுப்பினேன். காது இல்லாத ஒருத்தி இசை விமர்சனம் அனுப்புகிறாளே என்று தபால் பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போட்டுவிட்டேன். அண்ணா, அதைப் பிரசுரித்தார்கள். அதோடு விடாமல், வட்டத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற பல் டாக்டர், வீடு தேடி வந்து, "இந்த மாசக் கூட்டத்துல நீங்கதாம்மா பேசணும். பாட்டைப் போட்டுக் காட்டிப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக மாடியில் கூட்டம். எழுபது நாற்காலி போட்டு, அதில் அறுபது பேர். உங்கள் மாப்பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வைத்து, "திரும்பப் பாடும்போது கைதட்டுங்க, அப்பதான் மத்தவங்களும் தட்டுவாங்க. முன்னாடி தட்டிடாதீங்க" என்று சொல்லியிருந்தேன். மைக் முன்னால் உட்கார்ந்து, 'சாவி யாரிடம்' பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "கவனியுங்கள், இந்த இடத்தில் ஒரு மௌனம், பிறகு அதே வரி" என்று விரலைத் தூக்கினேன். உங்கள் மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கினார். பாட்டு நேராக அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் விரலைத் தூக்கியபடி, அவர் கைகளைத் தூக்கியபடி, பாட்டு முடிந்தே போய்விட்டது. மூன்றாவது வரிசையில் இருந்த மீசைக்காரர் எழுந்தார்.

"எங்கேம்மா ரெண்டாவது தடவை?"

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறுங்க."

"ஒரு வரிய மட்டும் முழுங்குற ஸ்பீக்கரை நான் பார்த்ததில்லையே!"

அடுத்த பாட்டைப் போடச் சொன்னேன். 'மூன்றாம் மாடி'. அதுவும் ஒரே மூச்சில் மாடி ஏறிப் போய்விட்டது. "சரி, மூணாவதுல வருமா, இல்ல அடுத்த மாசம் வருமா?" என்றார் மீசைக்காரர். பின்னால் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. மூன்றாவது பாட்டு ஓடும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன், மேஜைக்கு அடியில் என் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் சொன்ன அதே இடம் வந்ததும் தானாகத் தூக்கிக்கொண்டது. ஒரு மூச்சு. மறுபடி அழுத்தியது.

அந்த ஒரு நொடியில், அண்ணா, மூன்று மாதமும் எனக்குப் புரிந்துவிட்டது. புதிய பெடல் வந்ததிலிருந்து எலும்பு டாக்டர் சொன்னதையே சொல்கிறார், பாவம், ஞாபக மறதி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, நடைபாதையில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தேன். தோல் டாக்டருக்கும் அதே வியாதி. கண் டாக்டருக்கும். அவர்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் புதிய பெடல் நாலு வினாடி பின்னால் போய்த் தொடங்குகிறது. அவ்வளவுதான். (மறுநாள் பெடல் வைத்த மெஷின்காரரிடம் கேட்டேன். "ஆமா மேடம், ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாதுன்னு வசதிக்காக வெச்சது. நீங்க எல்லாரும் கவனிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.) மௌனம் என் காலுடையது, மீள்வரி மெஷினுடையது. சிதைந்த மீள்வரி என்பது நாலு வினாடி சரியாகச் சொல்லின் தலையில் போய் முட்டாததன் விளைவு. இருபத்திரண்டு பக்கமும் என் பாதத்தைப் பற்றிய ஆராய்ச்சி.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அறுபது பேரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அதனால் உண்மையைச் சொல்லிவிடுவது சுலபம் என்று பட்டது. மைக்கை இழுத்து, "மன்னிக்கணும். திரும்பப் பாடினது அவங்க இல்ல. என் கால்" என்றேன். பெடலைப் பற்றிச் சொன்னேன். நூலகத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மீசைக்காரர் சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடிந்தார். உங்கள் மாப்பிள்ளை மெதுவாகக் கைகளைக் கீழே இறக்கினார். எனக்கு அப்போது உங்கள் வாக்கியம்தான் கேட்டது. 'இதுக்குக் காதே கிடையாது சார்.' அறுபது பேர் சாட்சியாக, மைக் வைத்து, நிரூபணமாகிவிட்டது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். கம்பளித் தொப்பி.

"அக்கா, கால் கதையெல்லாம் வேணாம். என் வீட்டுப் பதிவு உங்களுக்கு எப்படிக் கிடைச்சது? யார் குடுத்தா?"

வந்தது கம்பளிப்பூச்சியேதான். செயலாளர் பத்திரிகையை அவளுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். அவள் படித்துப் பார்த்திருக்கிறாள். விஷயம் இதுதான் அண்ணா, நன்றாகக் கவனியுங்கள். அவள் பாட்டு எழுதியதும் முதலில் வீட்டில் தனியாக, போனில், பாடிப் பதிவு செய்துகொள்வாளாம். அந்தப் பதிவுகளில் அவள் வரிகளைத் திரும்பப் பாடியிருக்கிறாள்! ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் "நீளம் ஜாஸ்தி, ஜனங்க பொறுமையா கேக்க மாட்டாங்க" என்று சொல்லி எல்லாவற்றையும் வெட்டிவிட்டாராம். வெட்டுவதற்கு முன்னால் இருந்தது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நான் எழுதியதைப் பார்த்ததும், ஒலிப்பதிவாளர்தான் பதிவைக் களவாக வெளியே கொடுத்துவிட்டார் என்று நினைத்து, அவரோடு பெரிய சண்டை போட்டுவிட்டு, திருடியைப் பிடிக்க நேரே வந்திருக்கிறாள்.

"சத்தியமா என் கால்தாம்மா" என்றேன்.

"காலுக்கு எப்படிக்கா தெரியும்?"

செயலாளர் எழுந்தார். நாற்பது வருடம் பல் பிடுங்கியவர், எதையும் வேரோடு பார்த்துவிட வேண்டும் அவருக்கு. "உன்கிட்ட இன்னும் வெளிய வராத பாட்டு ஏதாவது இருக்காம்மா? ஸ்டூடியோவுல வெட்டினது?" இருந்தது. முந்தைய நாள்தான் முடித்ததாம். வெட்டாத வீட்டுப் பதிவும் போனில் இருந்தது. "அப்ப வெட்டினதைப் போடு. அம்மா, நீங்க செருப்பைக் கழட்டுங்க. கண்ணை மூடிக்குங்க." சொல்லிவிட்டு, அவர் வயதுக்கும் பதவிக்கும் கொஞ்சமும் பொருந்தாத வகையில், என் மேஜைக்கு அடியில் தரையில் உட்கார்ந்து, என் வலது பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். கால் தூக்கினால் அவர் "ம்" சொல்ல வேண்டும், கம்பளிப்பூச்சி அந்த வரியைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. நான் கண்ணை மூடினேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொந்தக் காலை நம்பிச் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முப்பத்திரண்டு வருடம் ஒரு பாதத்தின் மேல் நின்றது. தூக்கலாமா என்று நான் நினைத்தால் அது கெட்டுவிடும், நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. பாட்டு ஆரம்பித்தது. ஒரு தகப்பன் மகளுக்கு மூக்குக் கண்ணாடி துடைத்துக் கொடுக்கிறான், அவ்வளவுதான் பாட்டு. இரண்டாவது வரியிலேயே நான் என்னை மறந்துவிட்டேன். நடுவில் தரையிலிருந்து "ம்" என்று கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு "ம்". அப்புறம் இரண்டு.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தபோது கம்பளிப்பூச்சி போனையும் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுப் பதிவை ஸ்பீக்கரில் போட்டாள். முதல் இடம், திரும்பப் பாடினாள். இரண்டாவது இடம், திரும்பப் பாடினாள். மூன்றாவது இடம், பாடினாள். நாலாவது இடத்தில் பாடவில்லை. நேராகப் போய்விட்டாள்.

"நாலாவது தப்பு" என்றார் மீசைக்காரர், ஆனால் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

கம்பளிப்பூச்சி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். அந்த வரியைத் தனக்குள் ஒருமுறை பாடிப் பார்த்தாள். நிறுத்தி, இன்னொரு முறை பாடினாள்.

"தப்பில்ல சார்" என்றாள். "அங்கயும் பாடியிருக்கணும். எனக்குத்தான் தோணல."

உங்கள் மாப்பிள்ளை கைதட்டினார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துத் தட்டினார். அறுபது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். மேஜைக்கு அடியிலிருந்து செயலாளரைத் தூக்கி எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவரும் வெளியே வந்ததும் தட்டினார். மீசைக்காரர் பத்திரிகையை நீட்டி என்னிடம் கையெழுத்துக் கேட்டார். போட்டேன், பெரிதாக.

பிறகு உட்கார்ந்து பழைய பதினோரு இடங்களையும் அவளுடைய வீட்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டோம். பதினொன்றில் எட்டு சரி. மிச்சம் மூன்றில் ஒன்று, கோப்பு எடுத்து வருகிறவர் கையெழுத்துக் கேட்டு நின்ற நேரம். ஒன்று, காலில் பிடிப்பு. 'ஈரத்துண்டு' பாட்டில் வரும் மூன்றாவதைப் பற்றி நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன், 'மூடிய மனதின் கதவு இங்கே திடுக்கென்று திறந்து மூடுகிறது' என்று. "இங்க ஏன்க்கா?" என்று கேட்டாள். "தும்மல்" என்றேன். அந்தப் பாட்டை ஒருமுறைதான் கேட்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன். வெற்றி பெற்றவர்கள் இப்படிச் சில விஷயங்களைத் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம்.

இதற்கு மேல் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெருமை அடிப்பதாக நினைக்க வேண்டாம், நினைத்தாலும் பரவாயில்லை. புதிய பாட்டும் பழைய ஒன்பதும் வெட்டாத வடிவில் மறுபடி வெளிவரப் போகின்றன. சனிக்கிழமை என்னை ஸ்டூடியோவுக்கு அழைத்திருந்தார்கள். ஒலிப்பதிவாளர் முதலில் முறைத்தார். பிறகு அவரே எனக்கு ஒரு கால்மணை கொண்டுவந்து போட்டு, "மேடம், இந்த இடத்துல உங்க கால் என்ன சொல்லுது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஆல்பத்தின் உறையில், எழுதியவர், இசை அமைத்தவர், பாடியவர் என்று வரும் அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி போடுகிறாள். 'கேட்டவர்' என்று. அதன் பக்கத்தில் என் முழுப் பெயர், இனிஷியலோடு. பெடலைச் சரிசெய்யட்டுமா என்று மெஷின்காரர் கேட்டார். "தொட்டுப் பாருங்க" என்றேன். அவர் தொடவில்லை.

ஆகவே அண்ணா, எனக்குக் காது உண்டு. அது கொஞ்சம் கீழே, செருப்புக்குள் இருக்கிறது, ஆனால் உண்டு. உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் அன்று சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, "உனக்குக் காது உண்டு" என்று ஒரு வரி, கைப்பட எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்ப வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. வயதில் மூத்தவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று யோசித்தேன். முப்பத்திரண்டு வருடம் யோசித்துவிட்டேன், போதும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகத் தூங்கி, யார் என்ன சொன்னாலும் வாய்விட்டுப் பாடி வளர வேண்டும் என்று அத்தை வாழ்த்தியதாகச் சொல்லுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காதுள்ள உங்கள் தங்கை

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பத்தியிலேயே "நிறுத்து" என்றார். "யாருடி பாடினது? அவன்தானே பாடினான். நீ பாட்டை முடிச்சுட்டு சுவத்துல சாஞ்சு பொஸ்தகம் படிச்சிட்டு இருந்த. தலையத் தூக்காம, 'இதுக்குக் காதே கிடையாது சார்'னு சொன்னது நீ. வாத்தியார் சிரிச்சுட்டாரு. எம்புள்ள ரெண்டு நாள் சாப்பிடல." அப்படியானால் நான் ஏன் வகுப்பை விட்டேன் என்று கேட்டேன். "அதுக்காக உன் முதுகுல நாலு வெச்சேன். அந்தக் கோவத்துல விட்ட." உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா அம்மா என்றேன். "எனக்கு முழங்கால்தான் போச்சு, மூளை போகல" என்றார். நீங்கள் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னிடம் இதைச் சொன்னதில்லை, அண்ணா. ஆகவே மேலே அந்த நாளைப் பற்றி 'நீங்கள்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'நான்' என்றும், 'நான்' என்று வரும் இடங்களில் 'நீங்கள்' என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும், நான் வகுப்பை விட்டதும் உங்கள் தேர்வாளர் வேலையும் நீங்கலாக. முழுவதையும் மறுபடி டைப் செய்ய மனம் வரவில்லை, வெற்றி பெற்ற பகுதிகள் நன்றாக அமைந்துவிட்டன. கேட்டிருந்த அந்த ஒரு வரியை நீங்கள் எழுத வேண்டாம். நானே கைப்பட எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்களுக்குக் காது உண்டு.